ஒரு புட்டி மருந்துக்காக நாடு தாண்டினார்கள்!
சர்க்கரை நோயாளிகளின் தோழமைக் கதை

2019ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் இருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. ஆணும் பெண்ணுமாகச் சிலர். அவர்கள் போன இடம் கனடா நாட்டில் உள்ள லண்டன் நகரம். (இங்கிலாந்தில் உள்ள லண்டன் வேறு. இது அதே பெயர் கொண்ட வேறு ஊர்.) ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பயணம்.

எதற்காகப் போனார்கள்? மருந்து வாங்க!

உலகத்திலேயே பணக்கார நாடு அமெரிக்கா. அங்கே இல்லாத மருந்தா? இருக்கிறது. கடைக்குக் கடை இருக்கிறது. ஆனால் விலை?

"இன்சுலின்" மருந்து ஒரு புட்டி அமெரிக்காவில் அப்போது ஏறக்குறைய 300 டாலர். எல்லையைத் தாண்டினால் அதே மருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலை. அதே கம்பெனி. அதே புட்டி. ஆகவே புறப்பட்டு விட்டார்கள்.

போனவர்கள் உறவினர்கள் அல்ல. ஒரே ஊர்க்காரர்களும் அல்ல. அவர்களைச் சேர்த்தது ஒரே ஒரு விஷயம்தான். சிலருக்குச் சர்க்கரை நோய். சிலருடைய பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய். அந்தக் கூட்டத்தில் ஒரு தாயாரும் இருந்தார். அவருடைய மகனுக்கு அந்த மருந்து இனித் தேவைப்படாது. மகன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகி விட்டன.

இன்சுலின் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, ரொட்டி எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் சதைக்குள் போனால்தான் நமக்குத் தெம்பு. உள்ளே போக ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது.

சிலருக்கு வயது ஏற ஏற, உடல் பருக்கப் பருக்க, இந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை. நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்த வகை. மாத்திரை, நடை, உணவுக் கட்டுப்பாடு என்று பல ஆண்டுகள் சமாளிக்கலாம். பிறகு சிலருக்கு ஊசியும் வேண்டியிருக்கும்.

இன்னொரு வகை உண்டு. பெரும்பாலும் சிறு வயதிலேயே வருவது. இவர்களுக்குக் கணையம் இன்சுலினே சுரப்பதில்லை. தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். நின்று போனால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இவர்களுக்கு இன்சுலின் சோறு, தண்ணீர் மாதிரி.

மருந்து விலை ஏறினால் நாம் என்ன செய்வோம்? "இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்போம். இந்த நோயாளிகள் அப்படிச் சொல்ல முடியாது. விற்பவருக்கும் அது தெரியும். விலை ஏறியதன் இரகசியம் பாதி அதில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி என்ன? உலக இன்சுலின் வியாபாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மூன்றே கம்பெனிகள் கையில் இருக்கிறது. எலி லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோபி என்பவை அவை. லில்லி கம்பெனியின் "ஹியூமலாக்" என்ற இன்சுலின் 1996இல் கடைக்கு வந்தபோது ஒரு புட்டி சுமார் 21 டாலர். பிறகு அது சுமார் 275 டாலர் ஆயிற்று! மருந்து மாறவில்லை. புட்டியின் அளவும் மாறவில்லை.

26 வயது வாலிபர்

அலெக் ஸ்மித் என்பது அந்தத் தாயாருடைய மகன் பெயர். ஊர் மின்னியாபோலிஸ். ஓட்டலில் மேனேஜர் வேலை. 23 வயதில் சர்க்கரை நோய் கண்டது. தாயாரின் மருத்துவ இன்சூரன்சில் அவருக்கும் பங்கு இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி 26 வயது வரை அப்படி இருக்கலாம். 26 முடிந்தால் பெயரை எடுத்து விடுவார்கள்.

2017ஆம் ஆண்டு அவருக்கு 26 வயது ஆயிற்று. இன்சூரன்ஸ் நின்றது. மருந்துக் கடையில் கணக்குப் பார்த்தார்கள். இன்சுலினுக்கும் ஊசி முதலிய சாமான்களுக்கும் மாதம் சுமார் 1,300 டாலர்! டாலர் ஒன்றுக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். மாதா மாதம்!

வாலிபர் யாரிடமும் கேட்கவில்லை. கையில் இருந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொண்டார். அடுத்த சம்பளம் வரட்டும் என்று இருந்தார். இன்சூரன்ஸ் நின்று ஒரு மாதம் கூட முடியவில்லை. தம் அறையில் தனியாக இறந்து கிடந்தார்.

நிக்கோல் ஸ்மித்-ஹோல்ட் என்பது தாயாரின் பெயர். மகனுடைய கஷ்டம் இவ்வளவு முற்றியது அவருக்குத் தெரியாது. வயது வந்த பிள்ளை, அம்மாவிடம் பணம் கேட்பதற்குக் கூச்சம். நம் வீடுகளிலும் நடக்கிற காரியந்தானே!

இப்படி மருந்தைக் குறைத்துப் போட்டுக் கொண்டவர் அவர் ஒருவர்தானா? அமெரிக்காவில் ஏல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர்கள் தங்கள் மருத்துவ நிலையத்துக்கு வந்த நோயாளிகளிடம் விசாரித்தார்கள். நான்கு பேரில் ஒருவர் "பணம் இல்லாததால் குறைத்துப் போட்டேன்" என்று ஒப்புக் கொண்டார். பிறகு 2022இல் நாடு முழுவதற்கும் ஒரு கணக்கு வெளிவந்தது. 13 லட்சம் பேர் ஒரே ஆண்டில் அப்படிச் செய்திருந்தார்கள்.

இரகசியக் கொடுக்கல் வாங்கல்

இங்கேதான் தோழமை வருகிறது.

ஒரு நோயாளிக்கு டாக்டர் அளவை மாற்றுகிறார். வீட்டில் இரண்டு புட்டி மிஞ்சுகிறது. இன்னொருவருக்கு வேலை போய் விட்டது. மருந்து தீர்ந்து விட்டது. முதலாமவர் இரண்டாமவருக்குக் கொடுக்கிறார். சில சமயம் நேரில். சில சமயம் முகம் தெரியாதவருக்குத் தபாலில்.

அமெரிக்கச் சட்டப்படி இது குற்றம். ஒருவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. சட்டத்தில் நியாயமும் இருக்கிறது. இன்சுலினை வெயிலில் வைத்தால் கெட்டு விடும். பல ரகம் உண்டு. ஒன்று வேகமாக வேலை செய்யும். இன்னொன்று நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும். ரகம் மாறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். உயிரே போகலாம்.

தெரிந்தும் கொடுத்தார்கள், வாங்கினார்கள். இதைப் பற்றி 2019இல் ஒரு ஆராய்ச்சி வந்தது. மருந்தும் சாமானும் கை மாறுவது பற்றி 159 பேரிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இலவசமாகக் கொடுத்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வாங்கிக் கொண்டவர்கள். வாங்கியவர் பிறகு கொடுத்தார். கொடுத்தவர் பிறகு வாங்கினார். கிராமத்தில் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய் வாங்குகிற மாதிரிதான். ஆனால் இங்கே கடன் வாங்கியது எண்ணெய் அல்ல, உயிர்.

இதை நாம் பாராட்டுவதா, கண்டிப்பதா? கொடுத்தவர்களைக் கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை. அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டு வந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு டாலருக்கு விற்றார்கள்

கனடாவின் லண்டன் நகருக்குப் போனவர்கள் மருந்தை வாங்கிக் கொண்டு நேரே திரும்பி விடவில்லை. அந்த ஊரில் ஒரு வீட்டின் முன்னால் கூடினார்கள். அது டாக்டர் பிரெடெரிக் பாண்டிங் குடியிருந்த வீடு. 1920ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, அதிகாலை இரண்டு மணிக்கு அந்த வீட்டில்தான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எழுந்து குறித்து வைத்துக் கொண்டார். அடுத்த ஆண்டு டொரான்டோ பல்கலைக் கழகத்தில் பாண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப் ஆகிய நால்வரின் உழைப்பால் இன்சுலின் கிடைத்தது.

1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன் முதலாக அந்த ஊசியைப் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை மேலும் சுத்தம் செய்து 12 நாள் கழித்துப் போட்டார்கள். பையன் தேறினான். அதற்கு முன்பு அந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் உயிரை நீட்டுவதைத் தவிர டாக்டர்களுக்கு வேறு வழி தெரியாது.

கண்டு பிடித்தவர்கள் பணம் சேர்க்க நினைக்கவில்லை. 1923இல் அதன் உரிமையை டொரான்டோ பல்கலைக் கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்து விட்டார்கள். ஒரு டாலர்! நூறு ஆண்டு கழித்து அந்த மருந்தின் விலையைத்தான் மேலே பார்த்தோம்.

ஷாங்காய் தம்பதி

நோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிய கதைகளில் இதைப் போல் இன்னொன்று கிடையாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஈவா என்ற இளம்பெண். அவர் கணவர் விக்டர் சாக்ஸல். இருவரும் செக்கோஸ்லோவாகியா நாட்டு யூதர்கள். விக்டர் ஜவுளித் தொழிலில் இருந்தவர். ஹிட்லர் படைகளுக்குத் தப்பி ஓடினார்கள். எந்த நாடும் யூதர்களை உள்ளே விடத் தயங்கிய காலம். சீனாவில் ஷாங்காய் துறைமுகத்துக்குப் போக மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான யூதர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இவர்களும் போனார்கள்.

போன இடத்தில் ஈவாவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் ஊசி போட வேண்டிய வகை. வயது 20தான். முதலில் கடைகளில் மருந்து கிடைத்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. ஷாங்காய் முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. மருந்துக் கடைகளை மூடி விட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு வரவில்லை. இன்சுலின் கள்ளச் சந்தைக்குப் போயிற்று. விலை தாங்க முடியவில்லை. வாங்கினாலும் அது நல்ல மருந்தா, கலப்படமா என்று யாருக்கும் தெரியாது.

தம்பதி என்ன செய்தார்கள்? "நாமே செய்வோம்" என்றார்கள்!

இருவரும் டாக்டர்கள் அல்ல. ரசாயனம் படித்தவர்களும் அல்ல. கையில் ஒரு மருத்துவப் புத்தகம் கிடைத்தது. பாண்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்தில் இருந்தும் கன்றின் கணையத்தில் இருந்தும் இன்சுலின் எடுத்த முறை அதில் இருந்தது. ஒரு சீன ரசாயன நிபுணர் தம் சோதனைச் சாலையில் இடம் கொடுத்தார். கசாப்புக் கடையில் இருந்து எருமைக் கணையம் வாங்கி வந்தார்கள். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வடித்தார்கள். பல தடவை தோற்றார்கள்.

கடைசியில் ஒரு திரவம் வந்தது. கடை இன்சுலின் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். இது பழுப்பு நிறம்! இதை உடம்பில் ஏற்றலாமா?

முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முயலின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. மருந்து வேலை செய்கிறது! ஆனால் மனிதருக்கு? யாருக்கு முதலில் போடுவது?

ஈவா தமக்கே போட்டுக் கொண்டார். உயிரோடு இருந்தார். பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பழுப்பு மருந்து போர் முடியும் வரை 200க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் காப்பாற்றியது. ஈவா, தமக்கு மட்டும் செய்து கொண்டு கதவைச் சாத்தியிருக்கலாம். எருமைக் கணையம் எளிதில் கிடைக்கிற சாமான் அல்ல. யுத்த காலம். ஒரு புட்டியை அடுத்தவருக்குக் கொடுத்தால் தமக்கு ஒரு புட்டி குறையும். ஆனாலும் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்தார்கள்.

போர் முடிந்ததும் தம்பதி அமெரிக்கா சென்றார்கள். ஈவா சர்க்கரை நோயாளிகளின் கூட்டங்களில் பேசினார். பிற்காலத்தில் சிலி நாட்டுக்குப் போய், அங்கே 2002இல் காலமானார். இந்த நோயோடு அறுபது ஆண்டு வாழ்ந்து காட்டினார்.

டாக்டருக்கும் நோய், ஆசிரியருக்கும் நோய்

இங்கிலாந்தில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஆர். டி. லாரன்ஸ் என்று ஒரு இளம் டாக்டர். 1920இல் அவருக்கே இந்த நோய் வந்தது. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்து கொண்டார். வீட்டார் கண்ணெதிரில் இறக்க வேண்டாம் என்று இத்தாலி நாட்டுக்குப் போய் விட்டார். 1923இல் லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்து சேதி வந்தது: இன்சுலின் வந்து விட்டது, உடனே புறப்படு! தாமே காரை ஓட்டிக் கொண்டு திரும்பினார். பிழைத்தார்.

அவரிடம் வைத்தியம் பார்த்துக் கொண்டவர்களில் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். உலகப் புகழ் பெற்ற நாவல் ஆசிரியர். டாக்டரும் சர்க்கரை நோயாளி, எழுத்தாளரும் சர்க்கரை நோயாளி. இருவரும் சேர்ந்து 1934இல் நோயாளிகளுக்கு என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பணக்காரர், ஏழை என்று பாராமல் எல்லாருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தச் சங்கம் பெயர் மாறி இன்றும் நடக்கிறது.

டெலிபோன் நண்பர்கள்

மருந்து கொடுப்பது ஒரு வகைத் தோழமை. பேசுவது இன்னொரு வகை. "பேச்சால் சர்க்கரை குறையுமா?" என்று கேட்கலாம். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் 244 பேரை டாக்டர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஆண்கள். எல்லாருக்கும் சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை. இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்குத் தேர்ந்த நர்சுகளின் கவனிப்பு. இன்னொரு கட்சியில் நோயாளிகளை இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். "வாரம் ஒரு தடவை ஒருவரை ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டுப் பேசுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஜோடியில் இருவருமே சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் அல்ல இது. வழி தெரியாத இருவர் சேர்ந்து நடந்த கதை!

ஆறு மாதம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் செய்கிறார்கள். நர்சு பார்த்தவர்களுக்கு அந்த எண் 7.93இல் இருந்து 8.22க்கு ஏறியிருந்தது. நண்பர்களோடு பேசியவர்களுக்கு 8.02இல் இருந்து 7.73க்கு இறங்கியிருந்தது! 2010இல் இந்த முடிவு வெளியானது.

இன்னொரு சேதியும் உண்டு. இன்சுலின் ஊசி என்றால் நோயாளிகளுக்குப் பயம். டாக்டர் சொன்னாலும் தள்ளிப் போடுவார்கள். நர்சு பார்த்த கட்சியில் ஆறு மாதத்தில் புதிதாக ஊசி போட ஒப்புக் கொண்டவர் ஒரே ஒருவர். நண்பர் கட்சியில் எட்டுப் பேர்!

காரணம் என்ன? டாக்டர் கேட்டால் நோயாளி பொய் சொல்கிறார். "நடக்கிறீர்களா?" "நடக்கிறேன்." "இனிப்பு?" "தொடுவதே இல்லை." பேத்தியின் பிறந்த நாளுக்குச் சாப்பிட்ட லட்டு அங்கே வெளிவராது. இன்னொரு நோயாளியிடம் வெளிவரும். அவரும் ஒன்று சாப்பிட்டிருப்பார்! மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில்தான் பேச்சு உண்மையாக நடக்கிறது. மேலும் அடுத்த வாரம் அவர் கூப்பிடுவார், நம்மை விசாரிப்பார் என்ற எண்ணம் இருக்கிறது. நாமும் அவரை விசாரிக்க வேண்டும். தமக்காக நடக்காதவர், "அவரிடம் என்ன சொல்வது?" என்பதற்காக நடக்கிறார்.

பிலடெல்பியா நகரில் 118 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. 2012இல் முடிவு வந்தது. இங்கே ஒரு பகுதியினருக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். சர்க்கரை எண் ஒன்று குறைந்தால் 100 டாலர். இரண்டு குறைந்தால் 200 டாலர். இன்னொரு பகுதியினருக்கு ஒரு தோழர். முன்பு சர்க்கரை அதிகம் இருந்து, பிறகு கட்டுப்படுத்திக் கொண்ட நோயாளி அவர். எது ஜெயித்தது? பணம் கிடைக்கும் என்றவர்களுக்கு 9.5, 9.1 ஆயிற்று. தோழர் கிடைத்தவர்களுக்கு 9.8, 8.7 ஆயிற்று!

இவை சிறு சோதனைகள். ஆறு மாதச் சோதனைகள். ஆறு ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதற்கு இதில் பதில் கிடையாது. ஆனாலும் செலவே இல்லாத ஒரு வைத்தியம் இவ்வளவு செய்கிறது என்றால் அதை அலட்சியம் செய்வது புத்திசாலித்தனம் ஆகாது.

சட்டம் வந்தது

மின்னசோட்டா தாயாரின் கதைக்கு வருவோம். கனடாவுக்குப் போனதால் அவர்களுக்குச் சில மாத மருந்து கிடைத்தது. அதை விடப் பெரிய லாபம், பத்திரிகைகளில் எல்லாம் சேதி வந்தது. அடுத்த மாதமே செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் இன்னொரு கூட்டத்தோடு டெட்ராய்ட் நகரில் இருந்து கனடாவின் விண்ட்ஸர் நகருக்குப் போனார்.

2020 ஏப்ரலில் மின்னசோட்டா சட்டசபை ஒரு சட்டம் செய்தது. மருந்து தீர்ந்து போய் ஆபத்தில் இருப்பவருக்கு ஒரு மாத இன்சுலின் 35 டாலருக்குக் கொடுக்க வேண்டும். வசதி இல்லாதவருக்கு ஓராண்டு வரை, 90 நாள் மருந்து 50 டாலருக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். சட்டத்துக்கு இறந்து போன வாலிபரின் பெயரையே வைத்தார்கள். ஜூலை முதல் தேதி அமலுக்கு வர இருந்தது. முதல் நாளே மருந்துக் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று! ஆனாலும் சட்டம் அமலுக்கு வந்தது.

2022 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. "மெடிகேர்" என்ற அரசாங்க இன்சூரன்சில் இருக்கும் முதியோருக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது. 2023 ஜனவரியில் இருந்து அமல். தனியார் இன்சூரன்சில் உள்ளவர்களுக்கும் இதைக் கொடுக்க முயன்றார்கள். செனட் சபையில் 60 ஓட்டு வேண்டும். கிடைத்தது 57. மூன்று ஓட்டில் தவறி விட்டது.

2023 மார்ச்சு மாதம் ஒரு திருப்பம். முதல் தேதி லில்லி கம்பெனி தன் முக்கிய இன்சுலின்களின் விலையை நூற்றுக்கு 70 குறைப்பதாக அறிவித்தது. இரண்டே வாரத்தில் மற்ற இரண்டு கம்பெனிகளும் அதே பாதைக்கு வந்தன. 275 டாலர் புட்டி 66 டாலர் ஆயிற்று.

இதற்குக் காரணம் யார்? கம்பெனிகளுக்குத் திடீரென்று இரக்கம் பிறந்ததா? அப்படி நம்புவது கடினம். விலையை அதிகம் ஏற்றிய கம்பெனி அரசாங்கத்துக்கு அபராதம் போல் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வர இருந்தது. அது ஒரு காரணம். ஆனால் அந்த விதி வருவதற்கே முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னவர்கள் நோயாளிகளும், பிள்ளையைப் பறி கொடுத்த தாய்மார்களும்தான்.

கவலை தீர்ந்ததா? இல்லை. இன்சூரன்சே இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோவோ நார்டிஸ்க் கம்பெனி "லெவிமிர்" என்ற தன் இன்சுலினை 2024 கடைசியோடு அமெரிக்காவில் நிறுத்தி விட்டது. அதையே நம்பி இருந்தவர்கள் வேறு ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. விலையைக் குறைக்கச் சொல்லலாம். மருந்தைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியுமா?

நமக்குத் தோன்றுவதைச் சொல்லி விடுகிறோம். தபாலில் ஒரு புட்டி அனுப்புகிற நண்பர் நல்லவர். ஆனால் அவர் அனுப்பினால்தான் ஒருவர் பிழைப்பார் என்றால், அந்த நாட்டில் வைத்திய ஏற்பாடு கெட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். மருந்து கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. "இன்று நடந்தாயா?" என்று கேட்பதுதான் நண்பரின் வேலை.

நம் பக்கத்தில்

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு 2023இல் வெளிவந்தது. 10 கோடிக்கு மேல்! நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்.

நம் ஊரில் புட்டி 300 டாலர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மாத்திரையும் இன்சுலினும் இலவசமாகத் தருகிறார்கள். தமிழ் நாட்டில் 2021 ஆகஸ்டில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போய்க் கொடுக்கும் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. நம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நோயை மறைக்கிறோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மறைக்கிறோம். கல்யாண வீட்டில் "ஒரே ஒரு ஜாங்கிரி, ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்துகிறோம். வேண்டாம் என்றவருக்குத் துணையாக இன்னொருவர் "எனக்கும் வேண்டாம்" என்று சொன்னால் போதும். அதற்கு ஆள் இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் இதற்கு ஒரு முயற்சி நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 ஓட்டுச் சாவடி வட்டாரங்களை எடுத்துக் கொண்டார்கள். சர்க்கரை நோய் வரக் கூடியவர்கள் என்று 1,007 பேரைக் கண்டார்கள். பாதி வட்டாரங்களில் அவர்களைக் குழுவாகச் சேர்த்தார்கள். குழுவுக்குத் தலைவர் இரண்டு பேர். ஒரு ஆண், ஒரு பெண். அவர்களும் அதே தெருக்காரர்கள்தான். பக்கத்துப் பள்ளிக் கூடம் போன்ற இடங்களில் கூடினார்கள். பெரும்பாலான கூட்டங்களை அவர்களே நடத்தினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். குழு இல்லாத இடத்தில் நூற்றுக்கு 17 பேருக்கு நோய் வந்திருந்தது. குழு இருந்த இடத்தில் 15 பேருக்கு வந்திருந்தது. வித்தியாசம் சிறியது. "இது தற்செயலாகவும் இருக்கலாம்" என்று ஆராய்ச்சியாளர்களே நேர்மையாகச் சொன்னார்கள். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறியும் பழமும் அதிகம் சாப்பிட்டார்கள். மதுவைக் குறைத்தார்கள்.

உங்கள் தெருவில் இப்படிச் சேர விரும்பினால் இரண்டு எச்சரிக்கை. ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் விழுங்கக் கூடாது. "எனக்கு இது நன்றாகக் கேட்டது" என்பது நண்பர் பேச்சு. அளவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஒருவருடைய ஊசியையோ, இன்சுலின் பேனாவையோ, விரலில் குத்தும் கருவியையோ இன்னொருவர் தொடவே கூடாது. ஊசி முனையை மாற்றினாலும் கூடாது. இரத்தத்தின் மூலம் மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் தொற்றும்.

மற்றபடி காலையில் ஐந்தரை மணிக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, நடக்கப் போகலாமா?" என்று கேட்பதற்கு டாக்டர் சீட்டு வேண்டியதில்லை.